கூடையைத் தள்ளி வைத்தவர்

என் தம்பிக்கு நாற்பது வயது. ஆட்டிசம் உள்ளவன். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருப்பான். பீங்கான் கம்பெனியில் எனக்கு லீவு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அவனை வெளியே அழைத்துப் போவேன்.

அன்று விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில், "மந்திரிச்சுப் பாத்தீங்களா?" என்றார் ஒருவர். "இதையெல்லாம் ஏன் கூட்டியாறீங்க?" என்றார் இன்னொருவர். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இனிமேல் இவனை வீட்டிலேயே விட்டுவிடலாம் என்று நினைத்து, கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். அவன் அலறினான்.

கொய்யாப்பழம் விற்ற பெண் தன் கூடையை வழியிலிருந்து தள்ளி வைத்தார். "நடக்கட்டும் விடுங்கக்கா. அவரு நடந்தா இவங்களுக்கா கால் வலிக்குது?"

கையை விட்டேன். வேப்பூர் பஸ் வரும்வரை நடந்தான்.

அடுத்த ஞாயிறும் போனோம். அதே கேள்விகள்தான். நான்தான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன்.