லோகா சுத்தம் செய்த சர்வர்

நாங்கள் பதுளையில் எழுதிக் கொடுத்த தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மென்பொருளின் புதிய வடிவம் தோட்டத்துத் துரைக்குப் பிடிக்கவில்லை. பழையதையே கேட்டு நாளைக்கு வருகிறார்.

பழைய வடிவங்கள் எல்லாம் சர்வரில், ரெப்போசிட்டரிக்குள் இருக்கின்றன. இன்று காலை அது திறக்கவில்லை.

கூட வேலை செய்யும் லோகாவிடம் கேட்டேன்.

"சரஸ்வதி பூஜைக்காக நேத்து நான்தாண்ணே உள்ளுக்கும் சுத்தம் பண்ணேன். ஃபைலெல்லாம் பேரே இல்லாம வெறும் நம்பரா கெடந்துச்சு. பழசுதானேன்னு அழிச்சிட்டேன்."

"வெளியே துடைத்தால் போதாதா?"

"அழுக்கோட சாமி கும்பிடுவாங்களாண்ணே?"

எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து வைத்த பேக்கப் சீடியைத் தேடினேன். சாமி படத்துக்கு முன்னால், புத்தகங்களின் மேல் இருந்தது. கை நீட்டினேன்.

"நாளைக்கு விஜயதசமிக்குத்தான் எடுக்கணும். இன்னைக்குத் தொட்டா படிச்சதெல்லாம் மறந்துரும்ணே."

"ரெப்போசிட்டரி ஏற்கெனவே மறந்துவிட்டது" என்றேன்.

"பூஜை நாளும் அதுவுமா சர்வர்ல நீங்க கை வச்சதே தப்புண்ணே."

எட்டிப் பார்த்தேன். சீடியின் மினுங்குகிற பக்கம் மேலே இருந்தது. அதில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

சந்தனம் பட்ட சீடியை எப்படித் துடைப்பது என்று தெரிந்தவர்கள் இன்றைக்கே சொல்லுங்கள். காலையில் தானே சுத்தம் பண்ணித் தருவதாக லோகா சொல்லியிருக்கிறாள்.