கிளாக்கர் உழக்கிய ரேடியோ

பாறை என்று நாலு பேர் கைவிட்டுப்போன இடத்தில் கிணறு வெட்டினேன். கிணற்றடியில் கல்வீடு கட்டினேன். அக்கராயன் சந்தியில் சைக்கிள் கடை போட்டேன், அதன் பக்கத்தில் தேத்தண்ணிக் கொட்டில் இறக்கினேன். அவற்றை விட்டுத் துணுக்காய்க்கு ஓடவேண்டி வந்தபோது அங்கேயும் அதே கடையை, அதே கொட்டிலை, காட்டுத்தடியாலும் கிடுகாலும் இரண்டாம் முறை எழுப்பினேன். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து உடுத்த சாரத்தோடு வன்னிக்கு வந்தவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதி. எனக்குக் கை கொடுத்தவன் என்று சொல்லிக்கொள்ள இந்த உலகத்தில் ஒருவனும் இல்லை.

இதெல்லாம் என் பிள்ளைகளுக்குத் தெரிந்த கதை. நான் இங்கே சொல்ல வந்தது நான் செய்த ரேடியோவைப் பற்றி.

அரசாங்கத் தடையால் பற்றரி வன்னிக்குள் வராத காலம் அது. வடக்கு முழுக்கச் சைக்கிள் டைனமோவில்தான் ரேடியோ கேட்டார்கள், அதை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. ஆனால் மற்றவர்கள் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுக் கையால் சுற்றினார்கள். பாட்டு முடிவதற்குள் கை ஓய்ந்துவிடும். நான் இரும்புத் தாங்கி அடித்து, பின்சில்லு நிலத்தில் முட்டாமல் சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தினேன். ஆள் ஆசனத்தில் ஏறியிருந்து காலால் மிதித்து உழக்கலாம். வயரின் நடுவே ஒரு சின்னப் பல்பு. பல்பு மங்கினால் ரேடியோ முனகும், வேகம் போதாது. பல்பு மஞ்சளாக எரிந்தால் சரி. வெள்ளையாக எரிந்தால் ஆபத்து, ரேடியோ கருகும். ஈயம் உருக்கி ஒட்டியது உட்பட எல்லாம் என் கை. ஒரு முழு கிரிக்கெட் மாட்சை இருந்து கேட்கலாம் என்று சந்திக்குக் காட்டியவன் நான்.

யாழ்ப்பாணமே எழும்பி நடந்து வந்த அந்த இடப்பெயர்வில்தான் கிளாக்கர் வந்தார். அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர், மனைவியோடு வந்து என் வளவின் மூலையில் கொட்டில் போட்டுக்கொண்டார். இடம் கொடுத்தது நான். வந்த கிழமையே என் வாங்கில் குந்தியிருந்து என் தேத்தண்ணியைக் குடித்தபடி என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நீ உதுக்குள்ள வாய் வையாதை. கிரிக்கெட் எண்டுறது தோட்டக்காட்டானுக்கு விளங்குற சாமான் இல்லை."

நான் சொன்ன கருத்து இதுதான்: இலங்கை அணிக்காரர், நாங்கள் கொழும்பு அணி என்போம், முதல் ஓவரிலேயே தூக்கியடிக்கிறார்களே, அதுதான் கெட்டித்தனம், உலகக் கிண்ணம் இவர்களுக்குத்தான். அந்த அணி வெல்வது பற்றிச் சந்தியில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மனம், யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். நான் சொன்னேன். எனக்கு அடி பிடிக்கும், யார் அடித்தாலும் பிடிக்கும்.

"தோட்டத்துத் துரைமார் விளையாடினதை நான் வேலிக்கு வெளியில நிண்டு பாத்தனான் ஐயா. நீங்கள் எங்க பாத்தனீங்கள்?"

"பாத்தனானோ? நான் பள்ளிக்கூட அணியில விளையாடினவன்!"

"எத்தினை ஓட்டம் அடிச்சனீங்கள்?"

அவர் தேத்தண்ணிக் குவளைக்குள் பார்த்தார். பாண்காரன் அவரைப் பிடித்துக்கொண்டான். எங்கள் சந்திக்குப் பேக்கரியிலிருந்து பாண் கொண்டுவருகிற அவனுடைய வாய்க்குத் தப்பியவர் அந்தப் பக்கத்தில் கிடையாது. "அண்ணை, விளங்கேல்லையோ? ஐயா தண்ணி கொண்டு ஓடினவர்!" என்றான். கொட்டில் முழுக்கச் சிரித்தது. அன்றோடு அவர் 'தண்ணிக் கிளாக்கர்' ஆனார்.

அவர் வெஸ்ட் இண்டீஸ் ஆள். அந்த அணியைப் பற்றி எனக்கு அப்போதே ஒரு கருத்து இருந்தது, இப்போதும் மாற்றமில்லை: பந்து வீசுகிற இரண்டு பேரின் முதுகில் பதினொரு பேர் சவாரி போனார்கள். அந்த இரண்டு பேருக்கும் வயது போனது, கதை முடிந்தது. இதைச் சொன்னதும் அவருக்கு முகம் சிவந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் சட்டத்தைப் போட்டேன். எவனுடைய அணி தோற்கிறதோ, அடுத்த மாட்ச் கேட்டு முடியும்வரை அவன்தான் உழக்கவேண்டும். அணி மாறலாம், தடையில்லை. ஆனால் எல்லோர் முன்னாலும் நின்று 'விட்டிட்டன்' என்று சொல்லவேண்டும்.

"ஓம், வை சட்டத்தை," என்றார் கிளாக்கர். "நான் ஒருநாளும் உந்தச் சைக்கிள்ல ஏறமாட்டன்."

அந்த உலகக் கிண்ணத்திலேயே ஏறினார். முதலில் ஒரு தோல்விக்கு ஏறினார். ஏறியிருந்து உழக்கும்போதுதான் கென்யாவோடு ஆட்டம் வந்தது. கென்யா என்றொரு நாடு கிரிக்கெட் ஆடுகிறது என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். வர்ணனை ஆங்கிலத்தில். எங்கள் கூட்டத்தில் ஆங்கிலம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் உழக்குகிறவனுக்குச் சில்லுச் சத்தத்தில் ரேடியோ கேட்காது. கேட்கிற எங்களுக்கோ 'அவுட்' என்ற சொல்லைத் தவிர ஒன்றும் விளங்காது. அந்த ஒரு சொல்லே எங்களுக்குப் போதுமாக இருந்தது.

"அவுட்!" என்று பாண்காரன் கத்துவான்.

"ஆர்? ஆர் அவுட்?" கிளாக்கர் ஆசனத்திலிருந்து கழுத்தை நீட்டுவார்.

"கென்யாக்காரன் ஐயா, கென்யாக்காரன். நீங்கள் உழக்குங்கோ."

துடுப்பெடுத்தாடிக்கொண்டிருந்தது வெஸ்ட் இண்டீஸ். கென்யா தன் ஆட்டத்தை எப்போதோ ஆடி முடித்துவிட்டது. அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் கேட்டார், நாங்களும் ஒவ்வொரு முறையும் அதையே சொன்னோம். அவர் காலை நிறுத்தியிருந்தால் ரேடியோ நின்றிருக்கும், அவருடைய ஆட்கள் விழுவதை யாரும் கேட்டிருக்க முடியாது. நிறுத்தவில்லை. பல்பு மஞ்சளாகவே எரிந்தது. நூறு ஓட்டம் கூட எடுக்காமல் எல்லோரும் ஆட்டமிழந்தபோது, இறங்கி நின்று சாரத்தால் முகத்தைத் துடைத்தார். "இப்ப சொல்லுங்கோ ஐயா, தோட்டக்காட்டானுக்கு விளங்குதோ?" என்று கேட்டேன்.

அதன்பிறகு கிளிநொச்சி இராணுவத்திடம் போனது, அக்கராயனுக்கும் ஷெல் வந்தது. நான் நெல்மூட்டையை விட்டுவிட்டுச் சைக்கிள் தாங்கியை ஏற்றினேன் என்று என் மனைவி இன்றைக்கும் ஏசுவாள். துணுக்காயில் கொட்டில் எழும்பிய அன்றே ரேடியோவும் எழும்பியது. கிளாக்கரும் பின்னால் வந்து பழையபடி என் வளவின் மூலையில் கொட்டில் போட்டார். அதற்குள் என்னை 'நீ' என்பதை விட்டு 'நீர்' என்று கூப்பிடப் பழகியிருந்தார். நான் முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை அவரை 'நீங்கள்' என்றுதான் சொன்னேன். மரியாதையோடுதான் உழக்க வைத்தேன்.

எங்களோடு ஓடிவந்த பாண்காரன் சட்டை மாற்றுவதுபோல் அணி மாற்றினான். ஒரு கிழமை பாகிஸ்தான், மறு கிழமை தென்னாபிரிக்கா. 'விட்டிட்டன்' என்பது அவனுக்கு எச்சில் துப்புவது போல. எல்லோரும் அப்படித்தான் பிழைத்துக்கொண்டார்கள். கிளாக்கர் மட்டும் மாறவில்லை. வெஸ்ட் இண்டீஸ் தோற்றுக்கொண்டே போனது, அவர் ஏறிக்கொண்டே இருந்தார். ஊருக்கு விளையாட்டுச் செய்தி அவருடைய காலில்தான் ஓடியது என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை.

ஏன் மாறமாட்டீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "வீட்டைப் பூட்டிப்போட்டு வந்தனான். மாட்டை அவிட்டு விட்டிட்டு வந்தனான். இதையும் விடச் சொல்லுறீரே?" என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. நாங்களும் விட்டுவிட்டுத்தான் வந்தோம், இரண்டு தடவை. நான் விட்ட லயத்துக்குப் பூட்டே கிடையாது. அன்றே முடிவெடுத்தேன், இவர் வாயால் 'விட்டிட்டன்' என்று கேட்காமல் விடுவதில்லை என்று.

அவருடைய மனைவி ஒரு பின்னேரம் கடைக்கு வந்தா. "அண்ணை, அவற்ர முழங்காலை ஒருக்கா வந்து பாருங்கோ. வீங்கிப்போய்க் கிடக்கு. படுக்கேலாமக் கிடக்கிறார்."

"நான் கட்டியே வைச்சிருக்கிறன் தங்கச்சி? ஒரு சொல்லுத்தானே. சொல்லிப்போட்டு வந்து வாங்கில இருக்கச் சொல்லுங்கோ."

"அதைத்தான் அண்ணை சொல்லமாட்டன் எண்டுறார்."

"அப்ப முழங்காலுக்கு எண்ணெய் போடுங்கோ."

தென்னாபிரிக்காவில் வெஸ்ட் இண்டீஸ் ஐந்து டெஸ்டிலும் ஒன்று விடாமல் தோற்றது. ஒன்றில் தோற்றால் துரதிர்ஷ்டம், இரண்டில் தோற்றால் கப்டன் சரியில்லை, ஐந்திலும் தோற்றால் அது அணியே இல்லை என்று கொட்டிலில் தீர்ப்புச் சொன்னேன். அடுத்தநாள் காலை கிளாக்கர் வந்தார். மனைவி பின்னால் நின்றா. அவர் சைக்கிளில் ஏறவில்லை. வாங்கின் முன்னால் நின்று, "விட்டிட்டன்," என்றார்.

"என்ன? கேக்கேல்லை. டைனமோச் சத்தம்," என்றான் பாண்காரன்.

டைனமோ ஓடவில்லை. எல்லோருக்கும் கேட்டது. அவர் இன்னும் உரத்து இரண்டாம் முறை சொன்னார். இனி எந்தப் பக்கம் என்று கேட்டோம். "அவுஸ்திரேலியா," என்றார், வெல்கிற பக்கம். எனக்கு வயிறு நிறைந்தது. இன்று சொல்லும்போதும் அதை மாற்றமாட்டேன்.

அந்த அவுஸ்திரேலியாவே அடுத்ததாக வெஸ்ட் இண்டீஸுக்குப் போனது. முதல் டெஸ்டில் வெஸ்ட் இண்டீஸ்காரரை ஐம்பத்துச் சொச்ச ஓட்டத்தில் சுருட்டியது. சந்தியில் எல்லோருமே அவுஸ்திரேலியாப் பக்கம், அதனால் உழக்க ஆளில்லாமல் முறை வைத்தோம். இரண்டாவது டெஸ்டில் வெஸ்ட் இண்டீஸ் வென்றுவிட்டதாக மல்லாவிப் பக்கமிருந்து ஒரு கதை வந்தது. புளுகு என்று தள்ளினேன். கிளாக்கர் வாங்கில் இருந்தார், காலை நீட்டிக்கொண்டு.

மூன்றாவது டெஸ்ட் முடிந்த காலை உழக்குகிற முறை அவருடையது. தமிழ்ச் செய்தி ஓடி, கடைசியில் விளையாட்டு வந்தது. வெஸ்ட் இண்டீஸ் வென்றுவிட்டது, ஒரு விக்கெட்டினால்.

உழக்கியவருக்குச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் எங்கள் முகங்களைக் கண்டார். கால் மெதுவானது, பல்பு மங்கியது.

"என்னவாம்?"

நான்தான் சொன்னேன். "உங்கட பழைய ஆக்கள் வெண்டிட்டினம்."

"எத்தினை விக்கெட்டால?"

"ஒண்டு."

"ஆர் நிண்டது?"

"கப்டன். கடைசிவரைக்கும்."

பாண்காரனுக்குக்கூடப் பகிடி வரவில்லை. ஆனால் சட்டம் சட்டம்தான், ஆள் பார்த்து வளைந்தால் அது சட்டமில்லை. "ஐயா, அவுஸ்திரேலியா தோத்துட்டுது," என்றேன். "நீங்கள் இப்ப அவுஸ்திரேலியா. முறை எண்டால் இண்டையோட இறங்கலாம், தோத்த ஆள் அடுத்த மாட்ச் முடியுமட்டும் இறங்கேலாது. நாங்களும் தோத்தனாங்கள்தான், பிறகு ஏறுறம். நீங்கள் ஏறியே இருக்கிறியள், தொடங்குங்கோ."

தொடங்கினார். மெல்லத் தொடங்கி, பல்பு மஞ்சளாகி, பிறகும் நிறுத்தாமல் கூட்டினார். வீங்கிய முழங்கால் அது. பல்பு வெள்ளையானது. "மெல்ல! மெல்ல ஐயா!" என்று கத்தினேன். அவர் முன்னால் பார்த்தபடி உழக்கினார், அந்தக் கப்டன் அடித்த அடியெல்லாம் இவருடைய காலில் இருந்து போனதுபோல. பல்பு டப்பென்று வெடித்தது. ரேடியோ ஒரு கீச்சுக் கீச்சி, கருகின வாசத்தோடு செத்தது. அதன்பிறகும் சில்லு சுற்றியது.

நான் ஏசினேன். லயத்தில் கேட்ட வார்த்தைகள் எல்லாம் வந்தன. அவர் இறங்கிச் சாரத்தால் முகத்தைத் துடைத்தார்.

"வாயாலதான் விட்டனான்," என்றார். காலை இழுத்து இழுத்துப் போனார். பிறகு என் கொட்டிலில் அவர் காலடி வைக்கவில்லை. கொஞ்ச நாளில் என் வளவையும் விட்டுப்போனார்.

ரேடியோ இல்லாமல் சந்தி கிடந்த காலமெல்லாம் ஊர் திட்டியது அவரையல்ல, என்னை. பாண்காரன் பாணோடு இந்தக் கதையையும் வீடு வீடாகக் கொண்டுபோனான். முதலில் என் சட்டம் கதையிலிருந்து கழன்றது. பிறகு அவர் இரண்டு முறை சொன்ன 'விட்டிட்டன்' கழன்றது. கதை நெளுக்குளம் என்ற தூரத்து ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது ரேடியோவே கிளாக்கருடையது ஆகிவிட்டது. கேட்டதற்கு, "அண்ணை, அப்பிடிச் சொன்னால்தான் சனம் கேக்குது," என்கிறான்.

கிளாக்கர் கடைசிக் காலத்தில் நெளுக்குளத்தில்தான் இருந்தார், அங்கேயே செத்தார். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்குப் போனேன். வெளிநாட்டில் இருக்கிற அவருடைய பிள்ளைகள் கலரில் அச்சடித்த நினைவு மலரைக் கையில் தந்தார்கள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், ஆனால் வாசிப்பேன். 'தனது சைக்கிளை உழக்கி ஊருக்கு வானொலி கேட்கச் செய்தவர், தான் நேசித்த அணியை எந்தத் தோல்வியிலும் கைவிடாதவர்' என்று போட்டிருக்கிறது.

சைக்கிள் என்னுடையது. தாங்கி, டைனமோ, பல்பு, கருகிய ரேடியோ எல்லாம் என்னுடையவை. கைவிடாதவர் என்கிறார்கள். யார் கைவிடச் சொன்னது? ஒருவரும் கைவிடச் சொல்லாவிட்டால், வெஸ்ட் இண்டீஸ் பிடிக்கும் என்று வாங்கில் குந்தியிருந்த இன்னொரு கிழவர் அவர், அவ்வளவுதான். அவரை அந்தச் சைக்கிளில் ஏற்றியவன் நான். அவர் இறங்காததற்கு அவருக்குப் பெயர் என்றால், ஏற்றியதற்கு எனக்கும் பெயர் வேண்டும்.

ஆண்டுத் திவசத்துக்கு மலரை மறுபடி அச்சடிக்கப் போகிறார்களாம். கிளாக்கரின் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கிறேன்: அப்பா உழக்கினார் என்று போடுங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன். அதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில், உழக்க வைத்தவர் என்று என் பெயரைப் போடவேண்டும். பெயர் உங்கள் அம்மாவுக்குத் தெரியும்.