பிராம்ப்ட் வரும் வரை

அபிதகுஜாம்பாள் மேடத்தின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பீரியடே முடிந்துவிடும் என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். எங்கள் கணக்குத் துறையில் அதைவிட மெதுவான ஒன்று இருந்தது. துறையின் கம்ப்யூட்டர்.

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் போகிற ரோட்டில் ஒரு தனியார் கல்லூரி. 1994. நான் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளன், ஸ்ரீரங்கன். இருந்த ஒரே கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு மென்பொருள். படம், பட்டன் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையை டைப் செய்தால் விடை வரும். ஆனால் கட்டளை கேட்கும் பிராம்ப்ட் வருவதற்குள் ஸ்டேஷன் பக்கம் போய் வாழைப்பழம் வாங்கி வந்துவிடலாம்.

மேடத்துக்கு மதியச் சாப்பாட்டு வேளையில்தான் கம்ப்யூட்டர் கிடைக்கும். மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பிஎச்டி பதிவு ரத்து. பல வருஷ உழைப்பு பாழ். மென்பொருள் எழுந்து உட்காரும் நேரம் பார்த்துக் கரண்ட் போகும். வந்தால் மறுபடி முதலிலிருந்து. ஒருநாள் தயிர்சாத டப்பாவை மூடிவிட்டு அழுதேவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொடங்கும்போது இது அப்படி என்னதான் கிழிக்கிறது என்று அதன் ஃபைலைத் திறந்து பார்த்தார்.

எல்லாம் எங்கள் ஆசிரியர்களின் திருப்பணி. யார் புரோகிராம் எழுதினாலும் அதைத் தொடக்கத்திலேயே ஏற்றிவிடுவது துறை வழக்கம், சீனியாரிட்டிப்படி. ஏற்றியதும் எழுதியவர் பெயர் பட்டத்தோடு திரையில் வரும். அத்தனையும் ஏறி முடித்தால்தான் பிராம்ப்ட். முதல் மரியாதை துறைத்தலைவர் தோத்தாத்ரி சாருக்கு. ரிட்டையர் ஆனவர்களும் இருந்தார்கள். செத்துப்போன ஒருவரும் இருந்தார்.

ஃபைலில் அவற்றை ஏற்றச் சொல்லும் வரிகளை எடுத்துவிடலாமா என்று மேடம் துறைத்தலைவரிடம் கேட்டார்.

"என் பேர் போனாப் பரவால்லம்மா. மத்தவா மனசு கஷ்டப்படுமே?" என்றார் தோத்தாத்ரி சார். தன் மனசைத்தான் சொன்னார்.

மேடம் வாதாடவில்லை. பெயர்களை அப்படியே வரவிட்டு, புரோகிராம்களை மட்டும் யாராவது கூப்பிட்டால் ஏற்றும்படி மாற்றி எழுதினார். மறுநாள் ஒரு வாய் சாதம் உள்ளே போவதற்குள் திரை தயார். துறைத்தலைவர் எட்டிப் பார்த்துப் பூரித்துப்போனார். "பாத்தேளா, என் பேர் எவ்வளவு வேகமா வர்றது!"

அவர் புரோகிராமையோ மற்றவர்களுடையதையோ ஒருவரும் கூப்பிடவில்லை. ஆய்வேடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மேடம் டாக்டர் ஆனார். வழக்கப்படி அவர் புரோகிராமையும் சேர்க்கச் சொன்னார் தோத்தாத்ரி சார். எனக்கு மேடத்தின் மேல் அப்போது அபார மரியாதை. அந்தச் சாமர்த்தியத்தைப் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் நான் மென்பொருளைத் தொடங்கினேன். பெயர்கள் சரசரவென்று வந்தன. கடைசியில் டாக்டர் அபிதகுஜாம்பாள். அதோடு திரை நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"மேடம், உங்களோடது மட்டும் முழுசா ஏறுதே?"

"ஆமா," என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "அவங்களோடதையெல்லாம் யார் கூப்பிடப் போறா? என்னோடதை யாராவது கூப்பிட்டா ரெடியா இருக்க வேண்டாமா, ஸ்ரீரங்கன்?"