பேச்சுவார்த்தை இல்லாத புள்ளிகள்

போன வாரம் வில்லாபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போயிருந்தேன். மொய் எழுத அல்ல. மணமக்கள் உட்கார வேண்டிய மேடையில் ஒரு வெள்ளைத் திரை... எதிரே முப்பது நாற்பது லாரி ஓனர்கள். திரைக்கு மாலை போடாததுதான் குறை!

அழைத்தவன் மோகன். செல்லூரில் எங்கள் தெருக்காரன். வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், வேலை பார்க்கும் பெங்களூர் கம்பெனியில் இங்கிலீஷ். அவன் அப்பா பவர்லூம் வைத்திருக்கிறார். நெய்த துண்டுகள் பண்டல் பண்டலாக லாரி கிடைக்காமல் வாசலில் கிடக்கும். தெருமுனையில் காலி லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். இதைப் பார்த்தே வளர்ந்த பையன்.

இப்போது ஒரு சோப்பு டப்பா சைஸ் கருவியோடு வந்திருக்கிறான். லாரியில் மாட்டினால், அது எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டரில் புள்ளியாகத் தெரியுமாம்.

"எல்லாரும் சேந்து மாட்டிக்கிட்டா, ஒருத்தர் வண்டி காலியா திரும்புறப்போ இன்னொருத்தர் லோடை ஏத்திக்கலாம்ணே" என்றான்.

"என் வண்டி எங்க நிக்கிதுன்னு ஊருக்கே படம் போட்டுக் காட்டணுமாக்கும்?" என்றது ஒரு குரல். மண்டபமே சிரித்தது.

சோதனைக்கு இரண்டே பேர்தான் சம்மதித்திருந்தார்கள். தவசி ஒருவர். அவர் மாட்டிக்கொண்டார் என்று தெரிந்ததும், விடுவேனா என்று காசிமாயனும் மாட்டிக்கொண்டார். தவசி கட்டியிருப்பது காசிமாயனின் தங்கையை. ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது. காசிமாயன் மகள் கல்யாணத்தில் எல்லோரையும் பந்திக்குக் கூப்பிட்டவர்கள், தவசியை மட்டும் "சாப்பிட வாங்க" என்று ஒரு வார்த்தை கூப்பிடவில்லையாம். கை நனைக்காமல் எழுந்து போனவர்தான். அன்றைக்கு முறிந்தது. இந்த மண்டபத்திலும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

விளக்கை அணைத்தார்கள். திரையில் மதுரையும் சுற்றுவட்டாரமும் விரிந்தன. திண்டுக்கல் ரோட்டில் ஒரு சிவப்புப் புள்ளி. அது தவசியின் லாரி. ஒட்டன்சத்திரத்தில் தக்காளி ஏற்றிக்கொண்டு மதுரைக்கு வருகிறது. ஓட்டுவது அவர் மகன் செல்வம். சொந்தப் பொறுப்பில் அவன் ஓட்டும் முதல் நடை. பின்னால், தூரத்தில், ஒரு பச்சைப் புள்ளி. காசிமாயனின் லாரி, காலியாகத் திரும்புகிறது.

அந்த இருட்டில் புள்ளிகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு மயக்கம்... உட்கார்ந்தபடியே எங்கேயோ போய்விட்டேன். நாளைக்கு உசிலம்பட்டிக் கடலையும் செல்லூர்த் துண்டும் ஒரே லாரியில் தோளோடு தோள் சாய்ந்து ஊர் பார்க்கப் போகும். எந்த வண்டியும் வெறும் வயிற்றோடு வீடு திரும்பாது. அப்புறம்... மனிதர்களுக்கும் இப்படி ஒரு புள்ளி இருந்தால்? துபாயில் இருக்கும் தம்பி... கோபித்துக்கொண்டு சொல்லாமல் போன சிநேகிதன்... படுக்கும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாமே! எல்லாரும் பத்திரமாகத்தான் இருக்கிறார்கள் என்று நிம்மதியாகத் தூங்கலாமே!

"செகப்பு நகரலையேப்பா..."

யாரோ சொன்ன பிறகுதான் மண்டபத்துக்குத் திரும்பி வந்தேன். சில நிமிடங்களுக்கு ஒருமுறை புள்ளிகள் ஒரு துள்ளுத் துள்ளி நகரும். பச்சை துள்ளுகிறது. சிவப்பு மட்டும் வாடிப்பட்டிக்கு முன்னால் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

தவசி மகனுக்கு போன் போட்டார். ஸ்விட்ச்டு ஆஃப். மறுபடியும் போட்டார். அதேதான். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அந்த ரோட்டில் என்னவெல்லாம் நடக்கும் என்று அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

"தம்பி... அந்தப் பச்சப் புள்ளிய அங்கன நிப்பாட்டிப் பாக்கச் சொல்ல முடியுமா?" தவசி மோகனிடம்தான் கேட்டார். எதிர் மூலைப் பக்கம் திரும்பவில்லை.

"இதுல பேச முடியாதுண்ணே. பாக்கத்தான் முடியும்."

ஆனால் எதிர் மூலையில் காசிமாயன் ஏற்கெனவே தன் டிரைவரிடம் கத்திக்கொண்டிருந்தார். "டேய், வாடிப்பட்டிக்கு முன்னாடி ஒரு செகப்புப் புள்ளி நிக்கிது... என்ன புள்ளியா? நம்ம செல்வம் வண்டிடா! வெரசா போய்ப் பாரு!"

பச்சை துள்ளியது. இன்னொரு துள்ளல். சிவப்பை ஒட்டி நின்றது. அப்புறம்... ஒன்றுமில்லை. இரண்டும் சும்மா நின்றன. இவ்வளவு பெரிய டெக்னாலஜிக்கு, அங்கே பையன் எப்படி இருக்கிறான் என்று சொல்லத் தெரியவில்லை.

காசிமாயனின் போன் அடித்தது. கேட்டார். நெஞ்சைத் தடவிக்கொண்டார். பிறகு மோகனைப் பார்த்தார்.

"தம்பி, செகப்புப் புள்ளியோட அப்பாகிட்டச் சொல்லுங்க. ஆக்சில் ஒடிஞ்சு போச்சாம். செல்லுல சார்ஜ் இல்லையாம். மெக்கானிக்குக்குச் சொல்லிவிட்டுட்டு, மருமகப்புள்ள மரத்தடியில ஜம்முன்னு தூங்குறாராம்! தக்காளிய எங்க வண்டியில மாத்தி ஏத்திக்கிட்டு வாராய்ங்க."

மண்டபம் சிரித்தது. தவசி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

"தம்பி, என் வண்டிக்கும் ஒண்ணு மாட்டு" என்றது குரல். படம் போட்டுக் காட்டணுமாக்கும் என்று கேட்ட அதே குரல்.

கூட்டம் கலைந்தது. வாசலில் காசிமாயன் மோகனைத் தேடினார். அவன் உள்ளே ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தான். நடுவில் வைத்துப் பேச ஆள் இல்லை. எதிரே தவசி. காசிமாயன் தொண்டையைச் செருமினார்.

"மாப்ள... வீடு இங்கனதான். சாப்பிட வாங்க."

தவசி குனிந்து செருப்பைத் தேடினார். செருப்பு காலில்தான் இருந்தது!

"வாரேன் மச்சான்."

இனி ஒவ்வொருவர் செல்போனிலும் இந்தப் புள்ளியைக் கொண்டுவரப் போவதாக மோகன் சொல்கிறான். தாராளமாகக் கொண்டுவரட்டும்... சாப்பிடக் கூப்பிடுகிற வேலையை மட்டும் நம்மிடமே விட்டுவைக்கட்டும்!