அண்ணன் வண்டியின் ஆக்சிலேட்டர் ராடு

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. சாணார்பட்டிப் பக்கம் ஒரு மானாவாரி விவசாயக் குடும்பத்தில் தலைப்பிள்ளையாகப் பிறந்தவர். பெற்றோர் அடுத்தடுத்துப் போனபின் எனக்குத் தாயும் தகப்பனுமாக நின்று, என்னைத் திண்டுக்கல் நாகல் நகரில் கட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகே தாம் மணம் முடித்தார். மதினி சில வருடங்களிலேயே காய்ச்சலில் தவறிவிட்டார். பிள்ளை இல்லை. மறுமணப் பேச்சை எடுத்தவர்களுக்கு அண்ணன் காபி கொடுப்பார். பதில் மட்டும் கொடுக்க மாட்டார்.

பிழைப்புக்கு ஒரு பழைய பெட்ரோல் பிக்கப் வண்டி வைத்திருந்தார். ஆயக்குடிக் கொய்யாவை ஏற்றித் திண்டுக்கல் மார்க்கெட்டில் இறக்குவார். அந்த வண்டியில் ஆக்சிலேட்டர் மிதியையும் கார்புரேட்டரையும் இணைத்தது ஓர் இரும்பு ராடு. எண்பத்திரண்டாம் வருடம் வாக்கில், மூட்டு தேய்ந்து அது ஒட்டன்சத்திரம் ரோட்டில் கழன்று விழுந்தது. வண்டி வேகம் செத்து நடுரோட்டில் நிற்க, பின்னால் வந்த லாரி மயிரிழையில் ஒதுங்கிப் போனது.

கேள்விப்பட்டதும் எனக்கு உயிரே இல்லை. எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் பாய், "ராடைக் கழட்டி வீசிட்டு கேபிள் போட்டுருவோம்ணே. மிதி பஞ்சு மாதிரி இருக்கும்" என்றார். நானும் பிடித்த பிடியில் நின்றேன். எனக்காகவே அண்ணன் கேபிளுக்குச் சம்மதித்தார்.

சில நாள் கழித்து வீட்டுக்கு வந்தவர், சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"என்னண்ணே, வெஞ்சனம் பிடிக்கலையா?"

"அதெல்லாம் இல்ல தாயி. கேபிள் போட்டதுலருந்து வண்டியில ஆளே இல்லாத மாதிரி இருக்கு."

"நீங்க ஒருத்தர்தான போறீக? வேற யாரு இருப்பா?"

"ராடு இருந்தப்ப இஞ்சின் ஆட்டம் அம்புட்டும் காலுக்கு வரும். ஏத்தத்துல திணறுறது, இறக்கத்துல அடங்குறது எல்லாம் தெரியும். ஒன் மதினி போனதுக்கப்புறம் எங்கிட்ட நாள் முழுக்கப் பேசினது அது ஒண்ணுதான்."

"அப்ப இங்கயே வந்து இருந்துருங்கண்ணே" என்றேன். தங்கைக்குச் சீர் கொண்டுவரலாம், தங்கை வீட்டில் தங்கிச் சாப்பிடக் கூடாது என்பது அவர் பிடிவாதம். அன்றைக்கு ஒரு வேளைச் சோற்றுக்கே கூடை நிறையக் கொய்யாவை இறக்கிவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார். சிரித்து மழுப்பிவிட்டுப் போனார்.

அந்த லாரி என் கண்ணுக்குள்ளேயே நின்றது. பேச்சுத் துணையில்லாமல் அவர் போய்வருவதும் கண்ணைவிட்டு அகலவில்லை. மறுநாள் நானே பட்டறைக்குப் போனேன். "பாய், பழையபடி ராடே போட்டுருங்க. மூட்டு மட்டும் புதுசா மாத்துங்க."

"ஏன்க்கா, கேபிள் நல்லாத்தான இருக்கு?"

"வண்டிக்கு நல்லாத்தான் இருக்கு பாய்."

பாய் ஸ்பேனரைக் கையில் எடுத்தார். "சரிக்கா. மாசா மாசம் வண்டியக் கொண்டாரச் சொல்லுங்க, மூட்டை நான் பாத்துக்கிறேன்" என்றார்.

அதன்பின் ஒருநாளும் அந்த ராடு கழலவில்லை. போன வருடம் அண்ணனின் நெஞ்சுதான் நின்றுவிட்டது. மதியம் தன் வீட்டில் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாலையில் பட்டறைக்கு வருவதாகச் சொன்னவரைக் காணோமே என்று தேடிப்போன பாய்தான் முதலில் பார்த்தார்.

"தங்கச்சி வச்சுப் பாத்திருக்கக் கூடாதா?" என்று துக்க வீட்டில் சிலர் கேட்டீர்கள். அழைத்தேன், அவர் வரவில்லை. என்னால் முடிந்தது அந்த ராடைத் திரும்பப் போட்டுக்கொடுத்ததுதான்.

மாதந்தோறும் மூட்டுகளைப் பார்த்துக்கொடுத்த பாய்க்கும், எங்களுக்காக உலை வைத்த அக்கம்பக்கத்தாருக்கும், மயானம்வரை தோள் கொடுத்தவர்களுக்கும், பல ஊர்களிலிருந்தும் வந்து வாசலில் இடமில்லாமல் தெருவை அடைத்து நின்ற உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. நாம் இத்தனை பேர் இருக்கிறோம் என்பது அண்ணனுக்குத் தெரியாமலே போய்விட்டது.