பத்து வருடம் பெயர் தெரியாமல் கேட்ட கிட்டார்

அந்த கேசட்டை நான் பாட்டுக் கேட்பதற்காக வாங்கவில்லை. அழித்துவிட்டு, ரேடியோவில் வரும் சினிமாப் பாட்டுகளை அதில் பதிவு செய்துகொள்ளலாம் என்றுதான் வாங்கினேன்.

தொண்ணூற்று மூன்று என்று நினைவு. மாமல்லபுரத்தில் ஒரு உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். முகூர்த்தம் முடிந்துவிட்டது, பந்திக்கு இன்னும் நேரம் இருந்தது. மண்டபத்தில் உட்கார்ந்திருந்தால் ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்து, "அவரு லெட்டரு கிட்டரு போட்டாரா?" என்று விசாரிப்பார்கள். அவர் என்பது என் கணவர். கல்யாணமான பதினாலாவது மாதம் என்னை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வெளிநாட்டு வேலைக்குப் போனவர். போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. கடிதம் முதல் வருடத்தோடு நின்றுபோயிருந்தது. அதனால் எந்த மண்டபத்திலும் நான் ஒரே இடத்தில் உட்காருவதில்லை.

வெளியே வந்து கடற்கரைக்குப் போகும் தெருவில் நடந்தேன். வெள்ளைக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போகும் புத்தகங்களை விற்கிற கடை ஒன்று அங்கே இருந்தது. வாசலில் ஓர் அட்டைப்பெட்டி நிறையப் பழைய கேசட்டுகள். ஒன்றை எடுத்தேன். மேலே பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது. ஆங்கில எழுத்துதான், ஆனால் சில எழுத்துகளின் தலையில் இரண்டிரண்டு புள்ளிகள். எனக்குப் படிக்க வரவில்லை. நாடா சுருங்காமல் இருந்தது. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பந்திக்குத் திரும்பினேன்.

மறுநாள் மத்தியானம் செங்கல்பட்டு வீட்டில், அழிப்பதற்கு முன்னால் நாடா சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த எங்கள் டூ இன் ஒன்னில் போட்டேன். முதலில் நிறையப் பேர் கைதட்டும் சத்தம். யாரோ இருமினார். பிறகு அந்த கிட்டார்.

இங்கே என் வேலையைச் சொல்ல வேண்டும். அப்பா ரயில்வேயில் வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். அதனால் எனக்கு செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை கிடைத்தது. சின்ன அறை, ஒரு மேசை, ஒரு மைக். "சிங்கப்பெருமாள் கோயில், கூடுவாஞ்சேரி, தாம்பரம் வழியாகச் சென்னை கடற்கரை வரை செல்லும் மின்தொடர் வண்டி..." என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வேன் என்று எனக்கே தெரியாது. நடைமேடையில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் என் குரல் வெளியே வரும். கொஞ்சம் குரலை உயர்த்தினாலும் கரகரவென்று உடையும். அப்படி உடையாமல் பேசுவதுதான் என் வேலையில் பாதி.

இந்த ஆள் அந்த உடைசலை வைத்துக்கொண்டே வாசித்தார். ஒரு சுரத்தைத் தொட்டு, அது கரகரக்கும் வரை தூக்கி, அங்கேயே நிறுத்திவைத்தார். இதோ பிசிறிவிடும் என்று நினைக்கும்போது கடைசியில் மெல்லிசாக ஒரு நடுக்கம் வரும். அவ்வளவுதான், அடுத்த சுரத்துக்குப் போய்விடுவார். அவசரமே இல்லை. சளி பிடித்த தொண்டையோடு ஒருவர் அடங்கிய குரலில் பேசுகிற மாதிரி ஒரு கனம் அந்தச் சத்தத்தில் இருந்தது. கம்பியில் விரல் இழுபடுகிற கீச்சு கூடக் கேட்டது. இடையிடையே அவரே பாடவும் செய்தார். பாட்டின் வார்த்தைகள் எனக்குப் பாதி புரியவில்லை. கிட்டார் முழுக்கப் புரிந்தது. அந்த மாதிரி இசைக்கு ராக் என்று பெயர் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டதுதான்.

கேசட்டை அழிக்கவில்லை.

எனக்குப் பெரும்பாலும் காலை ஷிப்ட். இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு அதைப் போடுவேன். அம்மாவுக்குப் பிடிக்காது.

"இன்னாடி இது, யாரோ அழுதுகினே கீறான்? நல்ல பாட்டா ஒண்ணு வெக்கக் கூடாதா?"

"இது பாட்டுதாம்மா."

"இதுவா? எழவு வூடு மாதிரி கீது."

ஆனாலும் நிறுத்தச் சொல்ல மாட்டாள். முறத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விடுவாள்.

அதை யாரிடமாவது பேச வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. ஒரு கட்டத்தில் தாங்க முடியாத ஆசை. பஜாரில் கேசட் பதிவு செய்து தரும் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் அரை நிமிடம் ஓடவிட்டார்.

"இங்கிலீஷ் பாட்டா மேடம்? யாருன்னு தெரிலியே. இதுல இன்னா போடணும், சொல்லுங்க. புதுப்படம் எல்லாம் வந்துகீது."

"இல்லைங்க, இதை வாசிக்கிறவர் யாருன்னு கேக்கத்தான் வந்தேன்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு கேசட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

பார்சல் அலுவலகத்தில் ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கிட்டார் வாசிப்பவர். ஒருநாள் டூ இன் ஒன்னையும் தூக்கிக்கொண்டு போய், சாப்பாட்டு நேரத்தில் அவரை என் அறைக்குக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார்.

"இது லீட் கிட்டாரு மேடம். கீழ ஒரு பெட்டி வெச்சிருப்பாங்க. கால்ல மிதிச்சா சவுண்டு இப்படிக் கிழியும்."

முதன்முதலாக ஒருவர் எனக்குப் பதில் சொல்கிறார். "அந்த நடுக்கம் எப்படி வருது? அதுவும் பெட்டியிலயா, விரல்லயா?" என்று கேட்டேன்.

அவர் நாற்காலியைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டு, "வூட்ல தனியா உக்காந்து இதெல்லாம் கேப்பீங்களா? சார் எப்போ வராரு?" என்றார்.

நான் கேசட்டை வெளியே எடுத்தேன். "வண்டி வர நேரமாச்சு" என்றேன். வண்டி எதுவும் வருவதாக இல்லை. அவர் போன பிறகு வெறும் மைக்கின் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த நடுக்கம் விரலில் இருந்துதான் வருகிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அதற்குப் பிறகு யாரிடமும் கேட்கவில்லை.

தொண்ணூற்று ஏழில் அம்மாவுக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறும். கூடத்தில் கட்டிலைப் போட்டு ஏழு மாதம் பார்த்துக்கொண்டேன். காலையில் நான் வேலைக்குப் போகும்போது எதிர்வீட்டு அக்கா வந்து உட்காருவார். மத்தியானம் நான் வந்ததும் போவார். டூ இன் ஒன் மேல் துணி போட்டு மூடியிருந்தது.

ஒருநாள் அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வாயைத் துடைக்கும்போது, "அவனைப் போடேன்" என்றாள்.

"யாரும்மா?"

"உன் அழுமூஞ்சிய. வூடு சும்மா கீது."

போட்டேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து எழுந்தபோது சொன்னாள்: "அவன் அழுவலடி. யாரையோ கூப்ட்டுகினு கீறான்."

அதற்குப் பிறகு இறக்கும் வரை தினமும் கேட்டாள். அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த காரியம் அதுதான். யாரென்றே தெரியாத ஒரு வெள்ளைக்காரர் வாசிப்பதை, ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தது.

அம்மா போன பிறகு வீட்டில் பேசுவதற்கு ஆள் இல்லை. சில விடுமுறை நாட்களில் காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டேன். சாயங்காலம் பால் வாங்கும்போது குரல் கம்மிக்கொண்டு வரும். ஊரில் பாதிப் பேருக்கு என் குரல் தெரியும், முகம் தெரியாது. எனக்கும் அந்த கிட்டார்காரருக்கும் இந்த ஒன்று பொது என்று அப்போது நினைத்துக்கொள்வேன்.

இரண்டாயிரத்து மூன்றில் இரண்டு காரியங்கள் அடுத்தடுத்து நடந்தன. நிலையத்தில் பதிவு செய்த குரலில் அறிவிக்கிற கம்ப்யூட்டர் வந்தது. என்னை விசாரணை கவுண்டருக்கு மாற்றினார்கள். அடுத்த மாதம் கேசட் நாடா அறுந்தது. நெயில் பாலிஷ் வைத்து ஒட்டிப் பார்த்தேன். ஒட்டிய இடத்தில் பாட்டு விக்கிவிட்டு ஓடியது. பிறகு வேறு இடத்தில் அறுந்தது. ஒரு புதன்கிழமை, வார விடுமுறையில், அதே மாதிரி இன்னொன்று கிடைக்குமா பார்ப்போம் என்று திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி மாமல்லபுரம் போனேன்.

புத்தகக் கடை இருந்த இடத்தில் பாசிமணி விற்றுக்கொண்டிருந்தார்கள். கேசட்டா என்று சிரித்தார்கள். திரும்பி நடந்தபோது, ஒரு மாடி ஓட்டலிலிருந்து பாட்டு கேட்டது. நான் கேட்டிராத பாட்டு. பாடுகிறவர் குரலும் வயதான குரல். அதனால் நான் நிற்கவில்லை. நாலடி போயிருப்பேன், கிட்டார் ஆரம்பித்தது.

ஒரே ஒரு சுரம். தூக்கி நிறுத்தி, கடைசியில் அந்த நடுக்கம்.

தெரு நடுவில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துத் திட்டினார். படியேறி மேலே போனேன். ஓட்டல்காரர் நான் வழி தவறி வந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். உள்ளே ஒரு வெள்ளைக்கார அம்மா மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும்.

"இதை வாசிக்கிறது யாருங்க?"

"இதுவா? அதோ, அவங்க குடுத்த சிடிதான் மேடம். போடச் சொன்னாங்க, போட்டேன்" என்று அந்த அம்மாவைக் காட்டினார். சிடி அட்டையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

அட்டையில் ஒரு கிழவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த முகம், வெள்ளைத் தாடி, மடியில் கிட்டார். திடுக்கிட்டேன். பத்து வருடமாக என் மனதில் இருந்தவர் முப்பது வயதுக்காரர். பெயரும் போட்டிருந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. பெயரில்லாமல்தான் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அந்த அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த ஆபீஸ் ஆங்கிலத்தில் பேசினேன். பத்து வருடமாக இவரைக் கேட்கிறேன் என்றேன். அவர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். எந்தப் பாட்டு பிடிக்கும் என்று கேட்டார். எனக்கு ஒரு பாட்டின் பெயரும் தெரியாது. வேறு வழியில்லாமல், கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் நடுவில் வரும் கிட்டாரை வாயாலேயே முனகிக் காட்டினேன். காட்டன் புடவை கட்டிய, நாற்பதைத் தொடப்போகிற ஒருத்தி ஓட்டலில் உட்கார்ந்து அப்படி முனகுவதை ஓட்டல்காரர் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தினேன். அந்த அம்மா சிரித்தார். நிறுத்திய இடத்திலிருந்து மிச்சத்தை அவர் முனகினார். ஒரு சுரம்கூடத் தவறவில்லை.

"இப்போது அவருக்குக் கையில் மூட்டுவலி. முன்போல விரல் ஓடாது. அதனால் குறைவாகத்தான் வாசிக்கிறார்" என்று பிறகு சொன்னார்.

நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க எழுந்தேன். அவர் அந்த சிடியை என் கையில் வைத்து மூடினார். அந்த அம்மாவின் முகவரியைக் கேட்டிருக்கலாம். பெயரையாவது கேட்டிருக்கலாம். பஸ் திருக்கழுக்குன்றத்தில் நின்றபோதுதான் அது உறைத்தது.

அந்த சிடிக்காக ஒரு பிளேயர் வாங்கினேன். புதுப் பதிவில், கேசட்டில் இருந்த பழைய ஆள் நாலு சுரம் வாசித்திருக்கும் இடத்தில் இரண்டுதான் இருந்தன. மிச்ச இரண்டின் இடம் காலியாக இருந்தது. முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. சில மாதம் கேட்ட பிறகு, அந்தக் காலி இடத்திலும் அவர் இருக்கிறார் என்று பட்டது. சத்தம் மட்டும் அப்படியே, கொஞ்சமும் மாறாமல், அதே கனத்தோடு இருந்தது.

சிடி அட்டையின் பின்பக்கம் ஒரு முகவரி இருந்தது. மூன்று தடவை எழுதிக் கிழித்து, நாலாவது தடவை ஒரு கடிதம் எழுதி அனுப்பினேன். அம்மாவைப் பற்றியும் எழுதினேன். எட்டு மாதம் கழித்து ஒரு அட்டை வந்தது. அச்சடித்த நன்றி, அச்சடித்த கையெழுத்து. என் பெயரில் ஓர் எழுத்து தப்பு. அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் அதை அம்மாவின் டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்தேன்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த பிரௌசிங் சென்டருக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பப் போனேன். வேலை முடிந்த பிறகு, அதை நடத்துகிற பெண்ணிடம் அவர் பெயரை எழுதிக் கொடுத்து, "இவரு வீடியோ ஏதாவது இருக்குமா?" என்று கேட்டேன். தட்டினாள். வந்தது. உள்ளங்கை அளவு படம். பத்து நொடி ஓடும், நின்று நடுவில் ஒரு வட்டம் சுற்றும், மறுபடி ஓடும்.

அவர் கூட்டத்தைப் பார்க்கவேயில்லை. பாடி முடித்ததும் திரும்பி, பின்னால் இருந்த ஸ்பீக்கர் பெட்டிக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நின்று வாசித்தார். அவ்வளவு பேருக்கு முதுகு. இடது கை விரல் ஒன்று கம்பியின் மேல் மெல்ல ஆடியது. நான் நினைத்தது சரிதான், நடுக்கம் விரலில்தான் இருந்தது. அதைச் சொல்லத் திரும்பினேன். சொல்ல யாருமில்லை. பக்கத்து நாற்காலியில் ஒருவர் ரயில் டிக்கெட் பதிவு செய்துகொண்டிருந்தார்.

அந்தப் பெண் வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"யாருக்கா இவரு? உங்களுக்கு வேண்டியவரா?"

"தெரிஞ்சவரு" என்றேன்.

"டைம் முடியப்போவுது. இன்னும் அரை மணி போடட்டா?"

"ஒரு மணியாவே போடும்மா."

அவள் போய் மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டாள். படம் மறுபடி நின்று சுற்ற ஆரம்பித்தது. காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.