மீன் இல்லாத வட்டம்

எங்கள் ஆய்வகத்தில் அவனுக்குப் பெயர் டாக்டர். பட்டம் இன்னும் வரவில்லை. அவன் வீட்டார் முந்திக்கொண்டார்கள், நாங்களும் ஒத்துக்கொண்டோம். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன். அதனால் மூக்கு ஒழுகினாலும் அத்தை அவனுக்குத்தான் போன் போடுவாள்.

"டாக்டரு, அந்தக் கொழகொழ மீன்ல மருந்து இருக்குன்னியே. என் முட்டிக்கு ஒரு பாட்டில் அனுப்பேன்டா."

"இப்பதான் அத்தை கிருமி மேல போட்டுப் பாக்குறோம்."

"அப்ப நீ கிருமிக்கா வைத்தியம் பாக்குற?"

ஜெல்லி மீன் பெரும்பாலும் தண்ணீர். வாளி நிறைய வருவதை உறையவைத்து உலர்த்தினால் ஒரு சிட்டிகைத் தூள்தான் தேறும். அதை ஆல்கஹாலில் ஊறவைத்து வடித்து, சாற்றைப் பொட்டளவு காகிதத்தில் சொட்டுவோம். ஆல்கஹால் ஆவியாகிப் பொட்டு காய்ந்ததும் கிருமி வளர்த்த தட்டில் வைப்போம். சாற்றில் வீரியம் இருந்தால் பொட்டைச் சுற்றிக் கிருமி செத்துத் தெளிந்த வட்டம் விழும். வட்டம் இல்லையென்றால் டாக்டருக்கு வேலையும் இல்லை. அவனுடைய வேலையை இன்னும் ஓராண்டு நீட்டிப்பதா என்று இயக்குநர் நேரில் பார்த்து முடிவு செய்வதாக ஏற்பாடு.

வட்டம் விழுந்தது. எங்கள் ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியர், பிள்ளை பிறக்குமுன்னே பெயர் வைப்பவர். மதியத்துக்குள் மருந்துக்குப் பெயர் வைத்துவிட்டார். டாக்டரோ தட்டைக் கைக்குழந்தைபோல் ஏந்திக்கொண்டு அறை அறையாகப் போய்க் காட்டினான்.

"மச்சி, வெறும் ஆல்கஹால் பொட்டு ஒண்ணு வச்சுப் பாத்தியா?" என்று நான் கேட்டேன்.

"கல்யாண வீட்ல வந்து ஒப்பாரி வைக்காத."

சொன்னானே தவிர, உறுத்தியிருக்கிறது. முதல் தடவை செய்தபடியே செய்து, மீன் சாறு இல்லாத பொட்டொன்றை வைத்தான். இயக்குநர் வரும் நாள் காலையில் தட்டைத் திறந்தால், அதிலும் வட்டம். முதலாவதைவிட அழகாக.

"ரெண்டு தடவையும் அவசரத்துல பொட்டைக் காயவைக்காம ஈரத்தோட வச்சுட்டேன்டா," என்றான். குருவி உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. கிருமியைக் கொன்றது ஆல்கஹால், பேர் வாங்கியது மீன்.

இரண்டு தட்டும் மேசைமேல் இருக்கும்போதே இயக்குநர் வந்துவிட்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டாவதை எடுத்தார்.

"இதுதான் பிரமாதம். இது எந்த மீன்?"

பேராசிரியர் டாக்டரின் காலை மிதித்தார். வேலையா வாயா என்று ஒரு கணம் தவித்துவிட்டுச் சொன்னான்:

"மீனே இல்ல சார். வெறும் ஆல்கஹால். நான் சரியா காயவைக்கல. முதல் தட்டையும் நம்ப முடியாது."



"இதைக் காட்டத்தான் சார் உங்களைக் கூப்பிட்டேன்," என்றார் பேராசிரியர், மிதித்த காலை எடுக்காமலே. "நம்ம ஆய்வகத்துல எல்லாம் அவ்வளவு கறார்."

இயக்குநர் நெகிழ்ந்துபோனார். வேலை ஓராண்டு நீண்டது. பாராட்டு முழுவதும் பேராசிரியருக்கு. வீங்கிய கால்விரல் டாக்டருக்கு.

சாயங்காலம் அத்தை போனில் வந்தாள்.

"வேலை நிலைச்சுதா?"

"நிலைச்சுது அத்தை. எல்லாத்தையும் மறுபடி செய்யணும். முதல்ல காகிதத்தைக் காயவைக்கணும்."

"காயவைக்கவா அவ்வளவு படிச்ச? தினம் ஒரு கூடை துணி காயவைக்கிறேன், என்னை எவன்டா டாக்டருங்கிறான்?"